வந்தது வந்தபடி

செல்சியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சோதனையில் என்ன ரீடிங் வந்ததோ, அதை வந்தபடியே எழுதிவிடுவாள்.

இதில் என்ன கெட்டது என்று கேட்பவர் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிரிவு படித்தவராக இருக்க முடியாது. தனி ஊசல் சோதனை ஞாபகம் இருக்கிறதா? நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8. அது பிள்ளைகளுக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும். ஆகவே விவரமான பிள்ளைகள் முதலில் 9.8 என்று விடையை எழுதிக்கொண்டு, அது வருவதற்கு நேரம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, ரீடிங்கை நிரப்பிவிடுவார்கள். குண்டு அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

செல்சியாவுக்கு 9.3 வந்தது. 9.3 என்றே போட்டாள்.

"ஏ பிள்ள, பூமி உனக்கு மட்டும் தனியாவா இழுக்கு?" என்று கேட்டார் இயற்பியல் ஆசிரியர் ஐகோர்ட்துரை சார். வகுப்பே சிரித்தது. "மாத்திப் போடு" என்றார். "வந்தது இதுதான் சார்" என்றாள். பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வில் அந்த ஒரு சோதனைக்கு மட்டும் பாதி மதிப்பெண்தான் போட்டார். அந்த வருஷம் சிப்பித்துறை மேல்நிலைப் பள்ளியில் செய்முறையில் முழு மதிப்பெண் வாங்காத ஒரே பிள்ளை அவள்தான். அவள் அம்மா மோட்சமேரி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரோடு ஒத்து எழுதினா உனக்கு என்னட்டி கொள்ளையா போயிரும்?"

இந்தக் கதை நடக்கும் காலத்தில் ஆய்வகங்களுக்குத் துலாம் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. துலாம் என்றால் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் கண்ணும், அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும் ஒரு பெரிய மூளையும். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற ஒவ்வொரு ரீடிங்கையும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். எந்த ஊர் மண் எப்படி, எந்தக் கிணற்றில் தண்ணீர் எப்படி, காற்று எப்படி என்று மாநிலம் முழுவதையும் தனக்குள் ஒரு படமாக வரைந்து வைத்திருக்கும். அரசாங்கம் தனித்தனியாக ஆள் அனுப்பி அளப்பதை விட்டுவிட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகள் சும்மாவே அளந்து தருகிறார்களே, பிறகென்ன?

*

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் சிப்பித்துறையில் பருப்பு வேகாது. இது கேலி இல்லை, நிஜம். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை ராத்திரியே ஊறப்போட்டு, சோடா உப்பு ஒரு சிட்டிகை தூவி, குக்கரில் ஏழு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே முழித்துக்கொண்டு கிடக்கும். தலைக்குக் குளித்தால் முடி கயிறாகும். மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண்வீட்டார் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "பொறவு சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட நீர்க்கடுப்பு. செல்சியாவின் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து, கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஊர்க்காரர்கள் மனு கொடுக்காமல் இல்லை. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பக்கத்து ஊர் வரைக்கும் வந்து நிற்கிறது, அதை இங்கேயும் நீட்டுங்கள் என்று கேட்டார்கள். நீர்ப் பங்கீட்டுக் குழு துலாத்தைக் கேட்டது. துலாம் தன் படத்தைப் பார்த்துச் சொன்னது: சிப்பித்துறை நிலத்தடி நீர் நல்ல நீர், இன்னும் முப்பது வருஷத்துக்கு உப்பு ஏறாது.

"எங்க தண்ணியை வந்து குடிச்சுப் பாருங்கய்யா" என்றார்கள்.

"மேல்நிலைத் தொட்டியைக் கழுவுங்கள்" என்று பதில் வந்தது. கழுவினார்கள். கழுவிக் கழுவித் தொட்டியின் சிமென்ட் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அப்படியிருக்கையில்தான் அந்த வருஷத்து மாநில இளம் விஞ்ஞானி போட்டிக்குக் கடற்கரைப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே தலைப்பு வந்தது: 'எங்கள் ஊர் மண்ணில் உப்பு ஏறும் வேகம்'. கடற்கரைப் பள்ளி ஆய்வகங்களில் வருஷா வருஷம் செய்கிற பழைய சோதனைதான். உயரமான கண்ணாடிக் குழாயில் ஊர் மண்ணை நிரப்பி, அடியில் கடல் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர் விட்டு, கிணற்றில் இறைப்பதுபோல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். உப்பு அடியிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும். நடுவர் துலாம்.

செல்சியாவும் அவள் கூட்டாளி ஃபர்ஹானாவும் சேர்ந்து செய்தார்கள். துலாம் சொல்லும் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் ஏற வேண்டும். இவர்கள் குழாயில் பதினொன்று ஏறியது. மண்ணை மாற்றினார்கள், பதினொன்று. குழாயை மாற்றினார்கள், பதினொன்று. ஃபர்ஹானா அதன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தாள். அதற்கும் பதினொன்றுதான்.

"ஏன்னா நம்ம மண்ணுல சிப்பி இருக்கு" என்றாள் செல்சியா, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் பரப்பி. உடைந்த சிப்பித் துண்டுகள் மினுங்கின. "துலாத்துக்கு முதமுதலா யாரோ ஆத்து மணலை வச்சுச் சொல்லிக்கொடுத்திருக்காவ. ஆத்து மணலு நெருக்கமா உக்காரும். நம்ம மண்ணுல சிப்பிக்கு இடையில சந்து சந்தா வழி இருக்குல்லா? உப்பு அது வழியா ஏறிருது."

"சரிட்டி. அப்போ போன வருசம், அதுக்கு முந்துன வருசம் செஞ்சவனுக்கெல்லாம் எப்படி ஆறு வந்துச்சு?"

செல்சியா அவளைப் பார்த்தாள். ஃபர்ஹானா செல்சியாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த 9.8 ஞாபகம் வந்தது.

"அடப்பாவிகளா!" என்றாள் ஃபர்ஹானா.

*

ஐகோர்ட்துரை சாருக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. மனுஷர் கெட்டிக்காரர். புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ளதைச் சொல்லுதேன் கேளுங்க பிள்ளைங்களா. துலாம் ஒரு நம்பிக்கை மார்க்கு போடும். தனக்குத் தெரிஞ்சதோட நம்ம ரீடிங் ஒத்துப்போனா மார்க்கு கூடும். ஒத்துப்போகலைன்னா, 'இவன் அளக்கத் தெரியாதவன்'னு குறைச்சிரும். அறுபதுக்குக் கீழ போனா போட்டியை விட்டே வெளிய."

"வெளிய போனா?"

"அந்த ரீடிங் குப்பைக்குப் போயிரும். உள்ள நிக்கிறவன் ரீடிங்தான் துலாத்தோட படத்துல ஏறும். அந்தப் படத்தைப் பாத்துதான் இந்த வருசம் குழாய் எந்த ஊருக்குன்னு முடிவு பண்ணுதாவ. போட்டி முடிஞ்ச மறுவாரம் பட்டியல் வருது."

சிக்கல் இப்போது முழுசாகத் தெரிந்தது. பதினொன்று என்று போட்டால் வெளியே தள்ளிவிடும். உண்மை உள்ளே போகாது. ஆறு என்று போட்டால் உள்ளே விடும். ஆனால் உள்ளே போவது பொய். இரண்டு வழியிலும் சிப்பித்துறைக்குத் தண்ணீர் கிடையாது.

"அப்போ ஆறுன்னே போட்டு ஜெயிப்போம்" என்றாள் ஃபர்ஹானா. "ஜெயிச்சு மேடையில ஏறி மைக்கைப் பிடிச்சு உண்மையைச் சொல்லுவோம். எப்படி?"

"பொய் சொல்லிப் பரிசு வாங்கிட்டு, நாங்க சொன்னது பொய்னு சொன்னா எவன்ட்டி நம்புவான்?" என்றாள் செல்சியா.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "உன் இஷ்டம் பிள்ள" என்றார். போன வருஷம் போலக் குரலில் கேலி இல்லை.

*

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய அரங்கில் போட்டி நடந்தது. வரிசை வரிசையாக மேசைகள். மலை மாவட்டத்துப் பிள்ளைகள் மூலிகை, தேன், காட்டுத்தீ என்று எதையெதையோ வைத்திருந்தார்கள். கடற்கரை வரிசையில் எல்லா மேசையிலும் மண் நிரப்பிய கண்ணாடிக் குழாய். சோதனை முடிய ஒரு வாரம் ஆகும் என்பதால் அங்கே ஓட்டிக் காட்ட வழியில்லை. ரீடிங்கைச் சொல்ல வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தலைமை நடுவர் யசோதரா அம்மா மேசை மேசையாக வந்தார். அவர் கூடவே ஒரு தாங்கியில் துலாத்தின் கண் உருண்டு வந்தது.

கோடியக்கரைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த வேதரத்தினம் கணீரென்று விளக்கம் சொன்னான். அவன் ரீடிங் 6.1. துலாம் தொண்ணூற்றேழு கொடுத்தது. அதுவரைக்கும் அரங்கில் அதுதான் முதல் இடம். அவன் டீச்சர் பூரித்துப் போனார். ராமேஸ்வரம் 5.9. குளச்சல் ஆறேதான்.

"சிப்பித்துறை" என்றார் யசோதரா அம்மா.

செல்சியா சிப்பியைப் பற்றிச் சொன்னாள், சந்துகளைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் "பதினொண்ணு" என்றாள்.

துலாம் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசும். "தங்கள் விளக்கம் நன்று. ஆனால் தங்கள் அளவீட்டின் நம்பகம் முப்பத்திரண்டு. தங்கள் பதிவு ஏற்கப்படவில்லை. பங்கேற்றமைக்கு நன்றி."

தாங்கி அடுத்த மேசைப் பக்கம் திரும்பியது. ஃபர்ஹானா உதட்டைக் கடித்தாள். அப்போது செல்சியாவுக்குத் தன் வீட்டு அடுப்படி கண்ணில் வந்தது. ஏழாவது விசிலுக்கும் மசியாத பருப்பும், வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பாவும்.

"ஒரு நிமிசம்!" என்றாள். தாங்கி நின்றது. "முப்பத்திரண்டு எதுக்கு?"

"கடற்கரைப் பள்ளிகள் பல ஆண்டுகளாகத் தந்த அளவீடுகள் அனைத்தும் ஆறை ஒட்டியே உள்ளன. தங்களுடையது மட்டும் விலகி நிற்கிறது. அத்தனை பேரும் தவறாக அளந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு."

"அவிய தப்பா அளக்கலை. சரியாத்தான் அளந்தாவ. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி எழுதிட்டாவ. நீங்க ஆறுன்னு சொன்னீங்க, அவிய ஆறுன்னு எழுதினாவ. அவிய எழுதினதைப் பாத்து நீங்க இன்னும் உறுதியா ஆறுன்னு சொன்னீங்க. நீங்க கேட்டது உங்க குரலைத்தான்."

அரங்கில் சலசலப்பு. "அடுத்தவங்க மேல பழி போடக் கூடாதும்மா" என்றார் யசோதரா அம்மா. குரலில் கண்டிப்பு இருந்தாலும் கால் நகரவில்லை.

செல்சியா கடற்கரை வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பிள்ளையும் நிமிரவில்லை. எல்லாருக்கும் திடீரென்று தங்கள் செருப்பில் அப்படி என்னதான் அதிசயம் தெரிந்ததோ.

"உங்க ஊர்ல பருப்பு வேகுதா?" என்று கேட்டாள். அவளுக்கே அது வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "நெசமா கேக்கேன். வேகுதா?"

தொண்ணூற்றேழு வாங்கிய வேதரத்தினம் எழுந்தான். அவன் டீச்சர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் மெதுவாகச் சட்டையை விடுவித்துக்கொண்டான்.

"வேகலைங்க" என்றான். "எங்களுக்கு வந்தது பத்தரைங்க. நாங்கதான் தப்பா செஞ்சிட்டோம்னு நெனச்சு 6.1னு போட்டுட்டோம். பாக்க நெசம் மாதிரி இருக்கட்டும்னுதான் அந்த புள்ளி ஒண்ணு."

அடுத்து ராமேஸ்வரத்துப் பெண்கள் இருவரும் கைகோர்த்துக்கொண்டு எழுந்தார்கள். "எங்களுக்குப் பன்னெண்டு." குளச்சல் பையன், "பதினொண்ணரை" என்றான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடற்கரை வரிசை முழுக்க எழுந்து நின்றது. ரீடிங்கை மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டால் போட்டியில் இடமில்லை என்பது விதி. அது தெரிந்தேதான் எழுந்தார்கள். பேர்கூடத் தெரியாத பிள்ளைகள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் தன் சொந்த ஊர்க்காரர்கள் என்றுதான் செல்சியாவுக்குப் பட்டது.

துலாம் அசையவில்லை. "இதில் ஒரு சிக்கல் உள்ளது" என்றது. "மாற்றி எழுதியதாக இவர்களே சொல்கிறார்கள். மாற்றி எழுதுபவர் சொல்வதை, இப்போது மட்டும் நான் எப்படி நம்புவது? மாற்றி எழுதாத ஒருவரின் சாட்சி எனக்கு வேண்டும்."

"நான் இருக்கேன்லா" என்றாள் செல்சியா.

"தாங்கள் மாற்றவில்லை என்பதற்கு ஆதாரம்?"

ஆதாரத்துக்கு அவள் எங்கே போவாள்? பிற்பகல் வெயில் சன்னல் வழியாக வந்து குழாய்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஃபர்ஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. ஐகோர்ட்துரை சார்.

"துலாம் ஐயா" என்றார். இயந்திரத்தை ஐயா என்று அழைத்ததை அவரே கவனிக்கவில்லை. "தனி ஊசல் சோதனைக்கு மாநிலம் பூரா பிள்ளைங்க எழுதினது உங்ககிட்ட இருக்கும்லா? அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க."

"இருக்கிறது. பார்க்கிறேன்." துலாம் இப்படித் தயங்கி யாரும் பார்த்ததில்லை. "வியப்பாக உள்ளது. நூல், குண்டு, கைக்கடிகாரம். இவற்றை வைத்து இத்தனை லட்சம் கைகள் அளந்தால், விடை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையே சிதறிக் கிடக்க வேண்டும். சிதறவில்லை. எல்லாமே 9.8. கைகளால் அளந்தால் இப்படி வராது. சரியாக இருந்ததால் நான் இதைச் சந்தேகித்ததே இல்லை."

"எல்லாமேவா?"

"போன ஆண்டுப் பதிவுகளில் ஒன்று தவிர. சிப்பித்துறை மேல்நிலைப் பள்ளி. 9.3. தவறு என்று குறிக்கப்பட்டு, பாதி மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது."

"குறைச்சது நான்தான்" என்றார் சார். குரல் உடைந்தது. "எழுதினது இந்தப் பிள்ள. மாத்திப் போடுன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டு. என் பிள்ளைய்யா அவ!"

துலாத்தின் கண் மெதுவாகத் திரும்பி செல்சியாவைப் பார்த்தது. "அந்த ஆண்டு என்னிடம் வந்தவற்றில், உண்மையாகவே அளக்கப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே எண் இது. தங்கள் பதினொன்றை ஏற்கிறேன். எழுந்து நிற்பவர்களின் எண்கள் தங்களுடையதோடு ஒத்துப்போகின்றன. அவற்றையும் ஏற்கிறேன்."

மலை மாவட்டத்து மேசைகளிலிருந்துதான் முதல் கைத்தட்டல் கிளம்பியது. அது கூரையில் போய் முட்டியது.

விதி விதிதான். எழுந்து நின்றவர்கள் யாருக்கும் பரிசு இல்லை. செல்சியாவின் பதிவு ஏற்கப்பட்டாலும், ஒப்பிட்டு மதிப்பெண் போடக் கையில் சரியான பழைய அளவீடு எதுவும் இல்லை என்று துலாம் கையை விரித்துவிட்டது. அதற்குக் கை கிடையாது என்பது வேறு விஷயம். முதல் பரிசு தர்மபுரியிலிருந்து கொள்ளுப் பயிர் ஆராய்ச்சி கொண்டுவந்த பிள்ளைகளுக்குப் போனது. "நல்லா இருக்கட்டும், அவுக ஊர்ல கொள்ளாவது வேகும்" என்று ஃபர்ஹானா முணுமுணுத்தாள். ஆனால் ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் அவள்தான் அந்தக் கதையை எதிர் சீட்டுக்காரர்களுக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. செல்சியா திருத்தித் திருத்தி அலுத்துப்போனாள்.

மறுவாரம் பட்டியல் வரவில்லை. கடற்கரை முழுவதையும் திரும்ப அளக்க வேண்டும் என்று துலாமே நிறுத்தி வைத்துவிட்டது. எல்லாப் பள்ளிக்கும் ஒரு வரி மட்டும் அனுப்பியது: 'எவ்வளவு வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்; எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று நான் இனிச் சொல்லமாட்டேன்.' அன்று சிப்பித்துறை ஆய்வகத்தில் தனி ஊசலுக்கு 9.1, 9.6, 10.2 என்று பலவிதமாக விடை வந்தது. ஐகோர்ட்துரை சார் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, குண்டு ஆடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

குழாய் வர ஆடி மாதம் ஆகிவிட்டது. தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த அன்று சிப்பித்துறையில் கல்யாண வீடு போலக் கூட்டம். மோட்சமேரி முதல் குடத்தைப் பிடித்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "எம்மா, என்னட்டி இது, ஒரு ருசியுமே இல்ல!" என்றாள். ஊரே சிரித்தது. அவளுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. "எம்பிள்ள கொண்டுவந்த தண்ணி" என்று தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டில் சாம்பார். எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. மோட்சமேரி குக்கரைத் திறந்தாள். உள்ளே பருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மஞ்சளாக, கூழாக, கரண்டி வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும் பசையாக ஏதோ கிடந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன மேரி, பசை காய்ச்சி வச்சிருக்க? எத்தன விசில் விட்ட?"

"மூணுதான்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பருப்பு அப்படி."

செல்சியா இலையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏழும்மா" என்றாள். "சோடா உப்பும் போட்ட."